தோப்பைக் காடாக விடலாமா? மீஞ்சூர், பொன்னேரிப் பக்கம் நிலம் உள்ள வடசென்னைக் குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தண்டையார்பேட்டையிலோ திருவொற்றியூரிலோ மணலியிலோ குடியிருந்துகொண்டு, மீஞ்சூர், பொன்னேரி, காட்டூர், பழவேற்காடு போகிற வழியில் தாத்தா காலத்துத் தோப்பு ஒன்றை வைத்திருக்கும் குடும்பங்கள் நம் பக்கத்தில் நிறைய. பாதி மாமரம், நாலைந்து பனை, ஓரமெல்லாம் வேலிக்காத்தான், நடுவில் வற்றிப்போன கிணறு. பயிர் வைப்பது எப்போதோ நின்றிருக்கும், விற்க மனசு வராது, பொங்கலுக்கும் கோடை விடுமுறைக்கும் போய்ப் பார்த்துவிட்டு வருவார்கள். "சும்மாதானே கிடக்கு, பறவை கிறவை வருகிற மாதிரி ஏதாவது பண்ணலாமா?" என்று கேட்கிறவர்கள் இப்போது அதிகமாகிவிட்டார்கள். அவர்கள் கேட்பதும் நான் சொல்வதும் கீழே.

எங்களுக்கு இருப்பதே அறுபது சென்ட். இதில் என்ன வந்துவிடப் போகிறது?

புலி வராது, அவ்வளவுதான். கீரி, உடும்பு, மரநாய், முயல், கௌதாரி, செண்பகம், புள்ளி ஆந்தை, தவளை, பாம்பு, வண்ணத்துப்பூச்சி எல்லாம் அறுபது சென்ட்டுக்குள் வந்து போகும், சிலது குடியே இருக்கும். ஆனால் உங்கள் வேலியோடு அதுகளின் உலகம் முடிவதில்லை. பக்கத்து வயல், ஏரிக்கரை, ஓடை எல்லாம் சேர்ந்துதான் அதுகளுக்கு ஊர். அதனால் வேலைக்கு இறங்கும் முன் சுற்றி ஒரு நடை நடந்து, அக்கம்பக்கத்தில் எது இல்லை என்று பாருங்கள். சுற்றிலும் நெல் வயல் என்றால் உங்கள் நிலத்தில் புதர் வேண்டும். சுற்றிலும் சவுக்கு என்றால் பழம் தரும் மரம். சித்திரை வெயிலில் கண்ணுக்கெட்டிய தூரம் தண்ணீர் இல்லை என்றால் ஒரு குட்டை. இல்லாததை நீங்கள் வைத்தால் சின்ன இடத்துக்கும் மதிப்பு கூடிவிடும்.

சரி, முதலில் என்ன மரம் நடணும்?

ஒன்றும் நடாதீர்கள். ஒரு மழைக்காலம் முழுவதும் நடாமல் இருந்து பாருங்கள்.

நம் ஆட்களுக்கு ஒரு பழக்கம். நிலத்தின் மேல் அக்கறை வந்ததும் முதல் வேலையாக ஜேசிபி கூப்பிட்டுத் "துப்புரவு" பண்ணிவிடுவார்கள். முள் புதர் போச்சு, புற்று போச்சு, செத்த பனை போச்சு, சருகைக் கூட்டிக் கொளுத்தியாச்சு. அப்புறம் வரிசையாகக் குழி வெட்டி மகோகனி வைப்பார்கள். பார்க்க அழகாக இருக்கும். இருந்த உயிரெல்லாம் அந்த ஒரு நாளில் கிளம்பிப் போயிருக்கும், நட்டது எதுவும் அதுகளைத் திரும்பக் கூட்டிவராது. என்னைக் கேட்டால் இந்தப் பக்கத்துத் தோப்புகளில் காட்டுயிருக்கு முதல் எதிரி இந்தச் சுத்தம்தான்.

ஒரு மாமரத்தடியில் இரண்டு மூன்று வருஷம் கூட்டாத சருகைக் குச்சியால் கிளறிப் பாருங்கள். மேலே மொறுமொறுவென்று காய்ந்த இலை. அதற்குக் கீழே நரம்பு மட்டும் மிஞ்சிய இலை. அதற்கும் கீழே கறுத்த ஈரமண், அதில் மரவட்டை, மண்புழு, பிள்ளைப்பூச்சி, சின்னச் சின்ன நத்தை. அக்டோபர், நவம்பரில் வடக்கிலிருந்து இறங்கும் ஆறுமணிக்குருவி இந்தச் சருகைப் புரட்டித்தான் சாப்பிடும். பச்சை முதுகும் சிவந்த அடிவயிறுமாக அது ஒன்று உங்கள் மாமரத்தடியில் தத்தித் தத்திப் போவதைப் பார்த்துவிட்டால் அப்புறம் துடைப்பத்தைத் தொட மாட்டீர்கள்.

அந்த முதல் மழையிலேயே நடாமல் என்னவெல்லாம் முளைக்கிறது என்பதும் தெரிந்துவிடும். பறவை எச்சத்திலிருந்து வேம்பு, நாவல், நுணா, காரை, சூரை, ஆல் என்று தானாக வந்திருக்கும். காசு கொடுத்து வாங்கும் கன்றைவிட இவை உறுதியானவை. தண்ணீர் ஊற்ற ஆள் தேட வேண்டாம். முளைத்ததன் பக்கத்தில் ஒரு குச்சி நட்டுத் துணி கட்டிவிடுங்கள், ஆடு மாடும் வேலையாளும் மிதிக்காமல் இருக்க. வெறும் திட்டாக இருக்கும் இடத்தில் பறவை தாங்கி வைக்கலாம்: ஆள் உயரக் கம்பு, மேலே குறுக்காக ஒரு குச்சி. கொண்டைக்குருவியும் மைனாவும் வந்து உட்கார்ந்து எச்சமிடும், விதை தானாக விழும்.

சருகைக் கூட்டாமல் விட்டால் தீப்பிடிக்காதா?

பிடிக்கும், பங்குனி சித்திரையில் ரோட்டோரத் தோப்புகளுக்கு அந்த ஆபத்து நிஜம்தான், பீடித் துண்டு ஒன்று போதும். ரோட்டை ஒட்டியும் வேலியை ஒட்டியும் ஒரு மாட்டுவண்டி அகலத்துக்கு மாசி மாதத்திலேயே செதுக்கி விட்டுவிடுங்கள். உள்ளே தொட வேண்டாம்.

பாம்பு வருமே?

எத்தனை கேள்வி கேட்டாலும் கடைசியில் இங்கேதான் வந்து நிற்பார்கள். ஏற்கெனவே இருக்கிறது, நீங்கள் பார்க்கவில்லை, அவ்வளவுதான். பெரும்பாலும் சாரை, தண்ணீர்ப்பாம்பு, பச்சைப்பாம்பு, கொம்பேறி மூக்கன். கொம்பேறி மூக்கன் கடித்துவிட்டுச் சுடுகாட்டில் மரமேறிப் புகை வருகிறதா என்று பார்க்கும் என்று சின்ன வயசில் எல்லாருக்கும் சொல்லியிருப்பார்கள். அதற்கு மனிதனைக் கொல்லும் விஷமே கிடையாது. பயப்பட வேண்டியவை நான்கு: நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன்.

தோப்பில் வீடோ மோட்டார் கொட்டகையோ இருந்தால் அதைச் சுற்றி நாலைந்து ஆள் நீளத்துக்குப் புதர், செங்கல் குவியல், விறகு அடுக்கு எதுவும் இல்லாமல் வையுங்கள். நெல்லும் கோழித் தீவனமும் சிந்திக் கிடந்தால் எலி வரும், எலியைத் தேடிப் பாம்பு வரும். நடப்பதற்கென்று ஒரே பாதை வைத்து அதில் மட்டும் புல்லை வெட்டுங்கள். ராத்திரி டார்ச் இல்லாமல் நடக்காதீர்கள், தரையில் படுக்காதீர்கள். கட்டுவிரியன் தூங்குகிறவரைக் கடித்தால் பல சமயம் கடித்ததே தெரியாது. கடிபட்டால் கட்டுப் போடுவது, கீறுவது, உறிஞ்சுவது, மந்திரிக்கப் போவது எதுவும் வேண்டாம். கடிபட்ட கை காலை அசைக்காமல் வைத்து 108-ஐக் கூப்பிட்டு அரசு மருத்துவமனைக்குப் போங்கள், விஷமுறிவு மருந்து அங்கே இருக்கும்.

எலிக்கு மருந்து மட்டும் வைக்காதீர்கள். மருந்து தின்று தள்ளாடும் எலியைக் கூகை பிடித்துத் தின்னும், விஷம் அதற்குள்ளும் போகும். பாம்பை அடிப்பதும் 1972 வனவுயிர் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம், சாரைப் பாம்பும் அதில் சேர்த்தி.

செத்த மரத்தையாவது வெட்டலாமா?

வீட்டின் மேலோ கரண்ட் கம்பி மேலோ சாய்கிற மாதிரி இருந்தால் வெட்டுங்கள். மற்றபடி நின்று கொண்டிருக்கும் செத்த மரம்தான் தோப்பிலேயே விலை உயர்ந்த மரம்.

தலை போன மொட்டைப் பனை ஒன்றை ஒரு காலை நேரம் உட்கார்ந்து பாருங்கள். உச்சியில் இருக்கும் குழியில் பனங்காடை, கொஞ்சம் கீழே பொந்தில் கிளி, அதற்கும் கீழே மைனா, பக்கவாட்டில் மரங்கொத்தி புதிதாகக் கொத்திக்கொண்டிருக்கும், சாயந்திரம் அதே மரத்தில் புள்ளி ஆந்தை தலையை நீட்டி முறைக்கும். பொந்துக்கு இவ்வளவு போட்டி. மரங்கொத்தியும் குக்குறுவானும்தான் துளை போடத் தெரிந்த ஆட்கள், மற்றதெல்லாம் அதுகள் விட்டுப்போன வீட்டில் குடியேறுகிறவை. மொட்டைப் பனையை வெட்டி விறகாக்கினால் என்ன தேறும்? உளுத்த மரம், அடுப்புக்குக்கூட உதவாது.

உயிரோடிருக்கும் பனைக்கும் இதே பேச்சு. காய்ந்த மட்டையை எல்லாம் சீவி மொழுமொழுவென்று ஆக்காதீர்கள். பனை உழவாரன் தொங்கும் ஓலையின் உட்புறத்தில் எச்சிலால் ஒட்டிக் கூடு கட்டும், சின்ன வௌவால்கள் மட்டைக்கு நடுவில் ஒண்டும். ஒன்றிரண்டு மரத்தைச் சீவினாலும் நாலைந்தை விட்டுவையுங்கள். பனையை வெட்ட மாவட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று 2021 வேளாண் பட்ஜெட்டிலேயே அறிவித்துவிட்டார்கள், செங்கல் சூளைக்காரர் பேச்சைக் கேட்டுச் சாய்த்துவிட்டு அப்புறம் அலையாதீர்கள்.

வேலிக்காத்தானை மொத்தமாக எடுத்துவிடலாமா?

வேலிக்காத்தான் என்கிற சீமைக் கருவேலம் 1870களில் விறகுக்காக வந்தது, இன்றைக்கு ஏரி, ஓடை, புறம்போக்கு என்று விட்டுவைத்த இடமில்லை. எடுக்கத்தான் வேண்டும், தமிழக அரசும் 2022-ல் அந்நியத் தாவரங்களை அகற்றத் தனிக் கொள்கையே வெளியிட்டது. ஆனால் ஒரே நாளில் எடுக்காதீர்கள். வேறு புதரே இல்லாத நிலத்தில் கௌதாரியும் கீரியும் அதற்குள்தான் ஒளிகின்றன, தூக்கணாங்குருவி அதில் கூடு தொங்கவிடுகிறது. நிலத்தை மூன்று நான்கு துண்டாகப் பிரித்து வருஷத்துக்கு ஒரு துண்டு எடுங்கள். எடுத்த இடத்தில் அதே மழையில் நம்மூர்ப் புதரை நட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் அதுவே திரும்ப வரும்.

தரையோடு வெட்டினால் பத்தாகத் தழைக்கும். தரைக்கு ஒரு சாண் கீழே வரை தோண்டி வேர்முண்டோடு எடுக்க வேண்டும். சின்னக் கன்றுகளை ஐப்பசி மழையில் மண் இளகியிருக்கும்போது கையாலேயே பிடுங்கலாம். காய் பழுத்திருக்கும் நேரத்தில் ஆட்டை உள்ளே விட்டால் புழுக்கையிலிருந்து மறுபடி முளைக்கும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். விறகும் கரியும் விற்றால் கூலி ஓரளவு தேறும்.

உண்ணிச்செடிக்கும் இதே முறைதான்.

அப்போ நடவே கூடாதா? எதை, எப்போது?

நடலாம், இப்போது பேசலாம். இந்தக் கடலோரத்துக்கு என்று ஒரு காடு உண்டு. வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடு என்று பெரிய பெயர், குட்டையான மரம், தடித்த இலை, உள்ளே நுழைய முடியாத முள்புதர், கொடி. பழவேற்காடு ஏரிக்கு அந்தப் பக்கம் ஸ்ரீஹரிகோட்டாத் தீவில் அது இன்னும் நிற்கிறது, தெற்கே மரக்காணம் பக்கம் கோயில் காடுகளில் துண்டு துண்டாக இருக்கிறது. உங்கள் நிலம் எதுவாக இருந்தது என்று யோசித்தால் அந்தத் திசையில் யோசியுங்கள்.

மரம் என்றால் வீரா, உலக்கைப்பாலை, நாவல், இலுப்பை, புங்கன், விளா, வில்வம், நெய்க்கொட்டான். ஆலோ அரசோ அத்தியோ ஏதாவது ஒன்று கட்டாயம், மற்ற மரங்கள் காய்க்காத மாதத்திலும் ஆலமரத்தில் பழம் இருக்கும், கிளியும் குயிலும் மாங்குயிலும் பழந்தின்னி வௌவாலும் அதை நம்பித்தான். கிணற்றையும் வீட்டையும் விட்டுத் தள்ளி வையுங்கள், வேர் சுவரைச் சும்மா விடாது.

ஆனால் மரத்தைவிடப் புதருக்குத்தான் நான் ஓட்டுப் போடுவேன், யாரும் நடாததால். களா, காரை, சூரை, காசா, சங்கஞ்செடி, ஆவாரை, நொச்சி. களாச் செடி முள்ளுக்குள் கூடு வைத்தால் பூனை கை விட முடியாது. வண்ணத்துப்பூச்சிக்குப் பூ மட்டும் போதாது, முட்டை வைக்க இலை வேண்டும்: எருக்கில் வெந்தய வரியன், கறிவேப்பிலையிலும் எலுமிச்சையிலும் எலுமிச்சை அழகி, சரக்கொன்றையில் வெள்ளை மஞ்சள் பூச்சிகள். புழு இலையைத் தின்னத்தான் செய்யும், மருந்தடிக்காமல் இருங்கள்.

நேரம், புரட்டாசிக் கடைசியிலிருந்து ஐப்பசி. சென்னைப் பக்கம் வருஷத்துக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் பெய்கிறது, பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவத்தில். அதற்கு முன்னால் குழியெடுத்து வைத்து முதல் இரண்டு நல்ல மழைக்குப் பின் நட்டால் தைக்குள் வேர் பிடித்துவிடும். பனங்கொட்டையை நேராகப் புதைத்துவிடலாம். இடுப்பு உயரக் கன்றே போதும். ஆள் உயரக் கன்று வாங்கினால் பையில் வேர் சுருண்டிருக்கும், புயலில் சாயும். 2016 டிசம்பரில் வர்தா அடித்தபோது நகரத்துக்குள் பெருங்கொன்றையும் குல்மோகரும் எப்படி விழுந்து கிடந்தன என்று பார்த்தோமே.

கன்றுக்கு வனத்துறை நாற்றங்கால் இருக்கிறது, உழவன் செயலியில் பதிந்தால் வேளாண்துறையிலும் கிடைக்கும். தேக்கும் மகோகனியும் செம்மரமும்தான் தாராளமாகத் தருவார்கள். அதை ஓரத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பிள்ளைகள் கல்யாணச் செலவுக்கு ஆகும், குருவிக்கு ஆகாது.

எங்கள் போர் தண்ணீர் உப்பு. கன்று கருகிவிடுகிறது.

மீஞ்சூர்ப் பக்கம் பலருக்கும் இதே கதை. 1960களின் கடைசியிலிருந்து நிலத்தடி நீரை அளவுக்கு மேல் உறிஞ்சியதில் கடல்நீர் உள்ளே ஏறிவிட்டது. அந்தத் தண்ணீரைக் கன்றுக்கு ஊற்றுவதைவிட ஊற்றாமல் இருப்பது மேல். மழையை மட்டும் நம்பி நடுங்கள், சரிவின் கீழ்ப்பக்கம் அரைவட்டமாக வரப்புப் போட்டு ஓடும் நீரைக் கன்றடியில் நிறுத்துங்கள், தூரில் கனமாகச் சருகு மூடுங்கள். உப்பு தாங்குகிறவையாகத் தேர்ந்தெடுங்கள்: புன்னை, பூவரசு, புங்கன், வேம்பு, பனை, இலந்தை, உகா. உகாவை இப்போது யாருக்கும் தெரியவில்லை, உப்பு மண்ணில் கவலையில்லாமல் வளரும், பழத்துக்குக் கொண்டைக்குருவி அலையும்.

குட்டை வெட்டினால் கொசு வராதா?

வெட்டி ஒரு பருவம் வரை கொஞ்சம் வரும். அப்புறம் தட்டானின் இளம்புழுவும் தவளையும் நீர்வண்டும் சேர்ந்து கொசுப்புழுவைத் தின்றுவிடும். கொசு பெருகுவது பெரும்பாலும் தேங்காய் ஓட்டிலும் டயரிலும் மூடாத தொட்டியிலும், அங்கெல்லாம் தட்டான் வராது.

வெட்டும் விதம்தான் முக்கியம். கிணறு மாதிரி செங்குத்தாக வெட்டினால் கீரியும் முயலும் விழுந்து செத்துப்போகும். ஒரு பக்கம் கரை படிப்படியாகச் சரிந்து ஒரு விரல் ஆழத்தில் தொடங்க வேண்டும், நடுவில் இடுப்பளவு போதும். அந்த ஒரு விரல் ஆழம்தான் கூட்டம் கூடும் இடம்: தவிட்டுக்குருவி கும்பலாகக் குளிக்கும், வண்ணத்துப்பூச்சி சேற்றில் உறிஞ்சும். மணல் நிலம் தண்ணீரை நிறுத்தாது, அடியில் களிமண் மிதித்துப் போட வேண்டும். ஏரி வண்டல் எடுக்கத் தாசில்தாரிடம் அனுமதி வாங்கலாம். மீன் விடாதீர்கள். ஜிலேபிக் கெண்டை விட்டால் தவளைக்குஞ்சு ஒன்று மிஞ்சாது, ஆப்பிரிக்கக் கெளுத்தி தடை செய்யப்பட்டதே.

குட்டைக்கு வசதி இல்லாதவர்கள் கோடையில் அகலமான மண்தட்டு வைக்கலாம், மூன்று நாளுக்கு ஒருமுறை கழுவ ஆள் இருந்தால்.

மியாவாக்கி (ஜப்பானிய முறையில் நெருக்கி நடும் குறுங்காடு) போடலாமா?

குப்பை கொட்டிக் கிடந்த திடல்களில் மாநகராட்சி போட்டது சரி. நெருக்கி நெருக்கி நட்டு, இரண்டு வருஷம் தண்ணீர் விட்டு, செலவும் கணிசம். ஏற்கெனவே மரமும் புதரும் உள்ள நிலத்தில் எதற்கு? வெயில் விழும் புல்திட்டும் கௌதாரிக்கும் கொண்டலாத்திக்கும் வேண்டும், எல்லா இடத்தையும் மூடிவிடாதீர்கள்.

மாந்தோப்பைக் குத்தகைக்கு விட்டிருக்கிறோம். அவரிடம் என்ன சொல்வது?

பேச வேண்டியது இவரிடம்தான். வருஷத்தில் பாதி நாள் தோப்பு அவர் கையில். பூ விரிந்திருக்கும்போது மருந்தடிக்கக் கூடாது (தேனீ செத்தால் காய்ப்பும் போகும், அவருக்கே நஷ்டம்), வௌவாலுக்கு மெல்லிய நைலான் வலை கட்டக் கூடாது, காவலுக்கு வருகிற பையன்கள் உண்டிகோலும் காடை வலையும் கொண்டுவரக் கூடாது என்று பத்திரத்திலேயே எழுதிவிடுங்கள். பதிலுக்குக் குத்தகையில் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம். நாலைந்து கிழட்டு மரத்தின் காயைப் பறிக்காமல் விடச் சொல்லுங்கள். அதே மரங்களில் புல்லுருவி இருந்தால் அதையும் வெட்டாமல் விடச் சொல்லுங்கள். தேன்சிட்டுக்கு அதன் பூவும் பூங்கொத்திக்கு அதன் பழமும் விருந்து. தோப்பு முழுக்கப் பரவவிடத் தேவையில்லை.

சவுக்கு வைத்திருப்பவர்கள் ஒரே வெட்டாக வெட்டாமல் பாதிப் பாதியாக வெட்டினால் போதும். ஓரத்து வரிசையை வெட்டாமல் விட்டு அதன் கீழே புதர் வளர விடுங்கள்.

நாய்?

இதற்கு நல்ல பதில் இல்லை. முயல், உடும்பு, தரையில் கூடு வைக்கும் கௌதாரி எல்லாவற்றுக்கும் தெருநாய்க் கூட்டம் பெரிய தொல்லை. கம்பிவேலி செலவு, அதையும் தோண்டி வரும். கிளுவைப் போத்தை (வெட்டிய கிளையை) நெருக்கமாக நட்டு நடுவில் சூரையும் சங்கஞ்செடியும் விட்டால் நாலைந்து வருஷத்தில் நாய் நுழையத் தயங்கும் உயிர்வேலி ஆகும், கீரி நுழைந்துவிடும். தோப்பில் சாப்பிட்ட இலையையும் கறிக்கழிவையும் போட்டுவிட்டு வராதீர்கள்.

பங்காளிகள் ஒத்துக்கொள்ளவில்லை. "காடாக விட்டால் எவனாவது ஆக்கிரமிப்பான், இல்லை கவர்மென்ட் எடுத்துக்கொள்ளும்" என்கிறார் பெரியப்பா.

பெரியப்பா சொல்வதில் முதல் பாதி நியாயம். கேட்பாரற்றுக் கிடக்கிற நிலம் போலத் தெரிந்தால் ஆள் வருவான். எல்லைக்கல் கண்ணில் படணும், உயிர்வேலி இருக்கணும், முகப்பில் பெயர்ப்பலகையும் சீராக வெட்டிய பாதையும் இருக்கணும், வரி ரசீது கையில் இருக்கணும். முன்பக்கம் பராமரிக்கிற மாதிரி இருந்தால் பின்பக்கம் எப்படி வேண்டுமானாலும் இருக்கலாம்.

இரண்டாவது பாதி வீண் பயம். பட்டா நிலத்தில் மரம் வளர்ந்ததாலேயே அது காப்புக்காடு ஆகிவிடாது. அதற்கு 1882 வனச் சட்டப்படி அறிவிக்கை, விசாரணை எல்லாம் உண்டு. சந்தனமும் செம்மரமும் வைத்தால் மட்டும் வெட்டுவதற்கு வனத்துறை நடைமுறை இருக்கிறது. கூட்டுப் பட்டாவாக இருந்தால் மொத்த நிலத்துக்கும் சண்டை போடாமல், யாருக்கும் வேண்டாத மூலையில் இருபது சென்ட் கேளுங்கள். கிணற்று ஓரம், கல்லாங்குத்து, பள்ளம். அதுதான் புதருக்கும் குட்டைக்கும் தோதான இடமும்கூட.

பறவை கூடு வைக்கப் பெட்டி தொங்கவிடுவது, அரிசி போடுவது?

செத்த மரம் இல்லாத இளந்தோப்பில் மரப்பெட்டி உதவும், மைனாவும் புள்ளி ஆந்தையும் ஏற்கும். அரிசி போட்டால் புறாவும் காக்காயும் வரும், அதற்குத் தோப்பு எதற்கு, மொட்டைமாடி போதும்.

பலன் இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஒரு நோட்டுப் புத்தகத்தில் ஒவ்வொரு முறை போகும்போதும் பார்த்ததை எழுதுங்கள், அதே பாதை, அதே காலை நேரம். பறவை அடையாளம் தெரியாவிட்டால் போன் படம் போதும். ஜனவரியில் நாலு நாள் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. குறைந்தது 15 நிமிடம் நின்று பார்த்ததை ஈபேர்டில் (eBird, பறவைகளைப் பதிவிடும் இணையதளம்) ஏற்றினால் நீங்களும் சேர்த்தி. பொங்கலுக்கு எப்படியும் ஊருக்குப் போவீர்கள், பிள்ளைகளிடம் பைனாகுலரைக் கொடுத்துவிட்டுப் பெரியப்பாவையும் கூட நடக்கச் சொல்லுங்கள், பழைய பெயர்கள் அவருக்குத்தான் தெரியும்.